கிரியாட்டின் டப்பாவைத் திறக்கும் முன்

பெங்களூரு அல்சூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கண்டீரவா மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஓட்டப் பயிற்சி தருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரமே கேட்பது இதுதான்: "அக்கா, கிரியாட்டின் எடுக்கலாமா?"

தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும், உடலிலேயே உள்ள பொருள்தான் கிரியாட்டின்; அதைப் பொடியாக டப்பாவில் விற்கிறார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. தசையில் நீர் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ எடை கூடுவதுதான் மிச்சம். 60 மீட்டரை ஆறு தடவை விரட்டி ஓடும்போது ஐந்தாவதிலும் ஆறாவதிலும் கால் தளராமல் இருக்க அது உதவும். உணவில் கிரியாட்டின் பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும் என்பதால், சைவம் சாப்பிடும் பிள்ளைகளிடம் மாற்றம் கூடுதலாகத் தெரியலாம்.

கிரியாட்டினில் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையே போதும். விலை கூடிய வகைகள் அதை மிஞ்சியதாக நிரூபணம் இல்லை. நாளுக்கு 3 முதல் 5 கிராம்; டப்பாவில் வரும் கரண்டியை நம்பாமல் ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். முதல் வாரம் தினம் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து எடுப்பவர்களும் உண்டு. சிலருக்கு வயிறு கலங்கிவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை. தினம் 3 கிராம் தவறாமல் எடுத்தாலே நான்கு வாரத்தில் தசையில் கிரியாட்டின் நிறைந்துவிடும். காலையா மாலையா என்று குழம்ப வேண்டாம். நான் ஓடிய நாட்களில் வெதுவெதுப்பான ராகிக் கஞ்சியில் கலந்து உடனே குடித்துவிடுவேன். கரைத்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளாகச் சிதைந்து வீணாகும்.

கிரியாட்டின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. என் பயமெல்லாம் அதனுடன் கலந்து வரக்கூடிய தடைசெய்யப்பட்ட பொருளைப் பற்றித்தான். பரிசோதனையில் சிக்கினால் "எனக்குத் தெரியாது" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. உடற்பயிற்சிக் கூடத்தில் பிரித்துக் கட்டித் தரும் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள். தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, டப்பாவில் உள்ள தொகுப்பு எண்ணை அவர்கள் இணையதளத்தில் தேடிச் சரிபாருங்கள். ரசீதை எடுத்து வையுங்கள்.

என்னிடம் 400 மீட்டர் ஓடும் தம்பி ஒருவனுக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.5 என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் அளவு அது; ஆனால் கிரியாட்டின் எடுப்பவர்களுக்கும் அது கூடலாம். மகனின் சிறுநீரகம் போய்விட்டது என்று அவன் அம்மா தொலைபேசியில் அழுதார். அவன் கிரியாட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் மருத்துவர், கிரியாட்டின் எடுப்பதால் மாறாத சிறுநீரகச் சோதனையான சிஸ்டாட்டின் சி பரிசோதனை எழுதித் தந்தார். முடிவு இயல்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் டப்பாவையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.