சாயம் ஒரு நேரம், சோறு ஒரு நேரம்: மலையில் பிள்ளை சுமப்பவர்களுக்கு

என் மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை. நீலகிரியில், கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அப்போது குடியிருந்தோம். கீரை சாப்பிட்டேன். அரசாங்கம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் ஒருநாள்கூட விடவில்லை. ஆனால் அதை எதோடு விழுங்கினேன் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. தண்ணீரைவிடத் தேத்தண்ணீர் அதிகம் புழங்கும் வீடு. சூடான சாயத்தோடுதான், அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணீரோடுதான், மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிராம சுகாதார செவிலியராகப் பயிற்சி பெற்று, கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் 26 ஆண்டுகள் ஏறி இறங்கினேன். என்னைப் போலவே மாத்திரையையும் சாயத்தையும் ஒன்றாக விழுங்கும் பெண்களை லயனுக்கு லயன் பார்த்தேன். அதனால் வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்கிறேன்.

தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, உணவில் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். உடம்புக்குள் சேர விடாது. டீயை விட்டுவிடச் சொல்லவில்லை. மலைக்குளிரில் அது நடக்காது, தேவையும் இல்லை. நாளுக்கு இரண்டு, மூன்று குவளை போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும் வேண்டாம். விடியற்காலையில் எழுந்ததும் ஒரு குவளை. ஏழரைக்குக் காலை உணவு. கொழுந்துக்காட்டில் பத்து மணிக்கு அடுத்த குவளை. ஒரு மணிக்குச் சாப்பிட்டால் அந்தச் சோற்றின் மேலேயே டீயை ஊற்றாமல் மூன்று மணி வரை பொறுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டீயே வேண்டாம். படுக்கப் போகும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்த வெதுவெதுப்பான நீரோடு இரும்பு மாத்திரை. கால்சியம் மாத்திரையைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். பயம் வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்கள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. அதற்கு முன், முதல் மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் அமிலம். இயற்கை வழி என்றால் மாத்திரையை ஒதுக்குவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரை உடம்பில் சேரும்படி சாப்பாட்டை அமைத்துக்கொள்வதுதான் நான் சொல்லும் இயற்கை வழி.

“நர்சம்மா, தினமும் பீட்ரூட் சாறு குடிக்கிறேன், இரத்தம் ஏறவே இல்லையே?” என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம்தான் அம்மா, அதில் இரும்பு மிகக் குறைவு. ஃபோலேட் உண்டு, அதற்காகப் பொரியல் செய்து சாப்பிடுங்கள். இரும்புக்கு ராகி, அவரை, காராமணி, கீரை. முருங்கை நம் குளிருக்கு வளராது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் கட்டு கிடைக்கும் நாளில் வாங்கிவிடுங்கள். ராகியை ஓர் இரவு ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைத்தால் அதிலுள்ள இரும்பு உடம்புக்கு எளிதில் கிடைக்கும். நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) நல்லது, நன்றாக வேகவைத்தால். கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ இருக்கட்டும். அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். வேலியோரத்து மரத்தக்காளி பழுத்திருந்தால் தோலை விட்டு உள்ளே இருப்பதைப் பச்சையாகவே கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். வர்க்கியும் டீயும் மட்டுமே காலை உணவு என்ற பழக்கத்தைப் பிள்ளை பிறக்கும் வரையாவது விட்டுவிடுங்கள்.

இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் சிக்கிள் செல் எனும் பரம்பரை இரத்த நோய் காணப்படுகிறது. அந்த வீட்டுப் பெண்கள் முதல் பரிசோதனையிலேயே அதையும் பார்க்கச் சொல்லுங்கள், கணவருக்கும் சேர்த்து. அந்தச் சோகை வேறு வகை; மருத்துவர் சொல்லும் மருந்துதான் அதற்கு.

தண்ணீர் விஷயம் எளிது. ஆனால் நம் மலையில் தாகமே எடுக்காது. மூடுபனியில் நின்று கொழுந்து பறிக்கும் பெண், கழிப்பிடம் தூரம் என்பதற்காகவும் குடிக்காமல் இருப்பாள். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. அது முற்றினால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோகும். காய்ச்சிய நீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, இடுப்புப் பையோடு காட்டுக்குக் கொண்டுபோங்கள். மேஸ்திரியிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டு வாருங்கள். காட்டுக்கோ கேரட் தோட்டத்துக்கோ மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம். மருந்து படிந்த கணவரின் சட்டையையும் நீங்கள் துவைக்காதீர்கள்.

இனி தைலங்கள். நம் ஊர்க் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலமும் வரிசையாக இருக்கும். இடுப்பு வலிக்கு அதைத் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். அது செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் அதில் நிறைந்திருப்பது ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த பொருள். தோல் வழியாக உள்ளே இறங்கும். கர்ப்ப காலத்தில் அதைத் தொடவே வேண்டாம். எந்தத் தைலத்தையும் குடிக்கக் கூடாது. இடுப்பு வலிக்கு வெந்நீர்ப் பை, பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. எனக்கு இவையே போதுமானதாக இருந்தன.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தாய் தலைவலி என்று நினைத்துப் படுத்திருக்கும்போதே வயிற்றுப் பிள்ளைக்கு ஆக்சிஜன் குறைந்துவிடும். கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை ஆகியவற்றோடு நிறுத்துங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வாசலில் அரைமணி நேரம் உட்காருங்கள். நடப்பதும் நல்லது. ஆனால் ஆடி மழையில் பாசி பிடித்த படிக்கட்டு வழியாக வேண்டாம். பிடிமானமுள்ள செருப்போடு தார்ச்சாலையில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடங்கள்.

ஏழாம் மாதத்துக்குப் பின், தினமும் ஒரே நேரத்தில் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு இல்லையென்றால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, தீராத தலைவலி, பார்வை மங்கல், முகம் வீங்குதல், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்க வேண்டாம், உடனே 108.

நம் மலையில் 108-ம் சாலையை நம்பித்தான் வர வேண்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து குன்னூர், கோத்தகிரிப் பாதைகள் அறுந்துபோனதைப் பார்த்தவள் நான். ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறித்திருந்தால் கடைசி இரண்டு வாரங்களை மருத்துவமனைக்குப் பக்கத்தில், உறவினர் வீட்டில் கழியுங்கள். உறவு இல்லையென்றால், பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது என்று உங்கள் செவிலியரிடம் கேளுங்கள். பரிசோதனை அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), இரத்த வகைச் சீட்டு, இரண்டு பழைய பருத்திச் சேலைகள், குழந்தைக்குக் கம்பளித் தொப்பி இவற்றை ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டிவிடுங்கள். பக்கத்து லயனில் ஜீப் வைத்திருக்கும் அண்ணனின் கைப்பேசி எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள், இருட்டிலும் தெரியும்படி பெரிதாக.