பிராந்திய ராணுவத்தில் சேரலாமா: விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பொழுது விடியுமுன் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் தேர்வுக்கோ அக்னிவீர் முகாமுக்கோ தயாராகிறவர்கள். அவர்களுக்கு நடுவே, வயது முப்பதை நெருங்கி, ஏதோ ஒரு வேலையிலும் இருந்துகொண்டு, "டி.ஏ.வுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்" என்று சொல்கிற சிலரையும் பார்க்கிறேன். டி.ஏ. என்பது டெரிடோரியல் ஆர்மி, அதாவது பிராந்திய ராணுவம். அக்னிவீர் திட்டத்தின் வயது வரம்பு இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிராந்திய ராணுவத்துக்கோ 18 முதல் 42 வயது வரை விண்ணப்பிக்கலாம். பட்டாளக் கனவு கைநழுவிப்போன பலருக்கு இது மீண்டும் திறந்த கதவாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கதவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நுழைகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது, பிராந்திய ராணுவம் ஒரு வேலைவாய்ப்பு அல்ல என்பது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 1949 அக்டோபர் 9ஆம் நாள் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்ட இந்தப் படை, ஏற்கெனவே பிழைப்புக்கு ஒரு தொழில் வைத்திருக்கும் குடிமக்களை ஆண்டில் சில வாரங்கள் பயிற்றுவித்து, தேவைப்படும்போது சீருடையில் அழைத்துக்கொள்வதற்காக ஏற்பட்டது. பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்பட்டிருக்கும் நாட்களுக்கு மட்டுமே சம்பளம் உண்டு. வீடு திரும்பிய மறுநாளிலிருந்து அது நின்றுவிடும். வேலை இல்லாததால் டி.ஏ.வில் சேர்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார் என்றுதான் நான் சொல்வேன்.

அழைப்பில் இருக்கும் காலத்தில் ஊதியம் முறையான ராணுவத்துக்கு இணையானது. ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதனுடன் ராணுவப் பணிச் சம்பளம் 5,200 ரூபாய், பிற படிகள் தனி. லெப்டினன்டுக்கு 56,100 ரூபாயும் பணிச் சம்பளம் 15,500 ரூபாயும். இந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்து மயங்குவதுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு. உங்கள் பிரிவு எத்தனை மாதம் அழைக்கப்படுகிறதோ அத்தனை மாதத்தால்தான் பெருக்க வேண்டும். ஓய்வூதியமும் அப்படியே: சிப்பாய்க்கு 15 ஆண்டும், அதிகாரிக்கு 20 ஆண்டும் உண்மையாகப் பணியில் இருந்த காலமாகச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். வீட்டில் இருந்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது.

இனி நாள் கணக்கு. வழக்கமான அமைதிக் காலத்தில் ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி என்று சொல்லப்படும். இது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. காலாட்படை பட்டாலியன்களில் பல, ஜம்மு காஷ்மீரிலும் வடகிழக்கிலும் தொடர்ந்து பணியில் வைக்கப்படுகின்றன. வீரர்கள் 'எம்பாடி ஆவது' என்று பேசிக்கொள்வது இந்த முழுநேர அழைப்பைத்தான். 2025 மே மாதத்தில் மத்திய அரசு, பிராந்திய ராணுவத்தின் எந்த அதிகாரியையும் வீரரையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ராணுவத் தலைமைத் தளபதிக்கு அளித்து, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களை முழுநேரப் பணிக்கு எடுக்கவும் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் காலம் 2028 பிப்ரவரி 9 வரை. ஆகவே 'இரண்டு மாதம்' என்பதை ஆகக் குறைந்த அளவாக எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக வெளியூரில் இருக்க நேர்ந்தாலும் வீடு நடக்குமா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான முறை.

என் சித்தப்பா மகன் ஒருவன் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறான். பகலில் டைல்ஸ் கடையில் வேலை. வீட்டை ஒட்டி முக்கால் ஏக்கரில் மல்லிகை. "அண்ணே, சேர்ந்திரவா?" என்று அவன் கேட்டபோது நான் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜவுளிக்கடை கொடுத்த மாதக் காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்து, திண்ணையில் விரித்து, பென்சிலைக் கையில் கொடுத்தேன். வெயில் காலம் தொடங்கியதும் பூ கொட்டும். இருட்டோடு எழுந்து மொட்டுப் பறித்து, பொழுது ஏறுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும், ஒரு நாள் தவறினால் மொட்டு செடியிலேயே விரிந்து விலை போய்விடும். அந்த மாதங்களுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டான். கார்த்திகையில் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து; அதற்கும் ஒரு குறி. பைக் தவணை, நகைக் கடன் வட்டி, தங்கைக்குக் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் விழும் தேதிகளை வட்டமிட்டான். குறி விழாத இடம் மார்கழியும் தையில் பாதியும்தான். பயிற்சி முகாம் அந்த ஆறு வாரத்துக்குள்தான் வரும் என்று யாரும் உறுதி சொல்லப் போவதில்லை. இதே வேலையை நீங்களும் செய்யுங்கள். வாயால் பேசும்போது எல்லாம் சமாளிக்கக்கூடியதாகவே தோன்றும், காலண்டரில் பென்சில் விழும்போதுதான் நிலைமை கண்ணுக்குத் தெரியும்.

வேலை கொடுப்பவர் விஷயத்துக்கு நான் கூடுதல் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு மனம் நோகும் இடம் இதுதான். பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவு, பணிக்கு அழைக்கப்பட்டவரைத் திரும்பி வந்தபின் முன்பிருந்ததைவிடக் குறைவில்லாத நிலையில் மீண்டும் வேலையில் அமர்த்தும் கடமையை முதலாளிமேல் சுமத்துகிறது. அரசு ஊழியருக்கும் வங்கி ஊழியருக்கும் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு கடையில், ஒருவர் இரண்டு ஆண்டு இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நின்றுவிடுவார். சட்டத்தைக் காட்டி இடத்தைத் திரும்பப் பெறலாம், அந்த முதலாளியோடு பழைய முகத்தோடு பழக முடியுமா என்பது வேறு. ஆகையால் விண்ணப்பிக்குமுன்பே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை நாள், எத்தனை முறை, யார் உங்கள் வேலையைப் பார்ப்பது என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். வேலையில் இருப்பவர் முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருப்பதால் எப்படியும் அவருக்குத் தெரியத்தான் போகிறது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு இந்தச் சட்டம் எதுவும் செய்யாது. கடையின் ஷட்டரை யார் திறப்பது என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் வேண்டும்.

அடுத்து, எந்த வாசல் வழியாகப் போவது என்று பாருங்கள். பட்டதாரியாக இருந்து, சொந்த வருமானமும் உள்ளவர் அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. எழுத்துத் தேர்வில் ஒரு தாள் தர்க்கத் திறனும் எளிய கணிதமும், மற்றொன்று பொது அறிவும் ஆங்கிலமும். அதன்பின் முதல்நிலை நேர்காணல், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. ஆங்கிலத் தாளுக்குப் பயந்தே நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை, பள்ளி இலக்கணத்தை ஒழுங்காகத் திரும்பப் படித்தால் போதுமான தாள்தான் அது.

சிப்பாய் பதவிக்கு ஆள்சேர்ப்பு முகாம் வழியே போக வேண்டும். நமக்கு அருகிலுள்ள காலாட்படை பட்டாலியன்கள் கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த 110, திருச்சியில் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 117. பொதுப்பணிச் சிப்பாய்க்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 33 விழுக்காடும் தேவை. உயரம் 160 செ.மீ., மார்பளவு 77 செ.மீ., மூச்சிழுக்கும்போது 5 செ.மீ. விரிவு, எடை 50 கிலோ என்பது வழக்கமான அளவு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்அப், பள்ளம் தாண்டுதல் ஆகியவை உண்டு. அளவும் நாளும் ஒவ்வொரு அறிவிப்பிலும் அச்சிடப்படும், அதையே கடைசி வார்த்தையாகக் கொள்ளுங்கள். தட்டைப் பாதம், முழங்கால் ஒட்டுதல், நிறக்குருடு, காலில் நரம்பு சுருட்டல் போன்றவற்றுக்காக முகாமில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய. ஆறு மாதம் ஓடிக் களைத்தபின் அதைத் தெரிந்துகொள்வதைவிட, ராஜாஜி மருத்துவமனையில் ஒரு நாள் வரிசையில் நின்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

முகாமுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று டீக்கடையில் பேசுகிறவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள், அசல் மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். வாங்கியவர் காணாமற்போனால் நிலத்தை விற்ற குடும்பம்தான் நடுத்தெருவில் நிற்கும்.

தோனியும் கபில்தேவும் மோகன்லாலும் டி.ஏ.வில் லெப்டினன்ட் கர்னல்தானே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை கௌரவப் பதவிகள். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் மலை சரிந்தபோது, மோகன்லாலின் பட்டாலியனான 122இன் வீரர்கள் முதலில் அனுப்பப்பட்டவர்களில் இருந்தார்கள். சேற்றுக்குள் இறங்கி உடல்களைத் தேடியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். நீங்கள் சேரப் போவது அவர்களுடைய வரிசையில். அந்த வேலையை, படம் எடுக்க யாரும் இல்லாத ஓர் இரவில், செய்யச் சம்மதமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். சம்மதம் என்றால், அது மதிக்கத்தக்க விருப்பம்; எனக்கு அதில் ஐயமே இல்லை.

வீட்டாரிடம் பேசும்போது எல்லைப் பணியையும் ஆபத்தையும் மறைக்காதீர்கள். மனைவியும் தாயும் வேண்டாம் என்று சொல்லுவதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். அந்தக் காரணத்தை முழுதும் கேளுங்கள், பல நேரங்களில் அது துப்பாக்கியைப் பற்றியதாகவே இருக்காது. முன்னாள் படைவீரர் ஒருவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, திருமங்கலம், பேரையூர்ப் பக்கங்களில் பட்டாளத்தார் வீடு இல்லாத ஊர் குறைவு. டி.ஏ.வில் இருந்தவரே கிடைத்தால் இன்னும் நல்லது. அவரிடம் கேட்க வேண்டியது வீரக் கதையை அல்ல: கடைசி ஐந்து ஆண்டில் எத்தனை மாதம் எம்பாடி ஆனீர்கள், மீதி மாதங்களில் என்ன வருமானம் வந்தது, திரும்பி வந்தபோது பழைய வேலை இருந்ததா என்ற மூன்றும்தான்.

தம்பியின் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ போறதப் பத்தி ஒண்ணுமில்ல, வெள்ளன எந்திரிச்சுப் பூ எடுக்க ஆளச் சொல்லிட்டுப் போ" என்றார். அவன் அந்த ஆண்டு விண்ணப்பிக்கவில்லை. தோட்டத்தை மாமாவிடம் குத்தகைக்கு விட்டு, நகையை மீட்டு, கடை முதலாளியிடமும் பேசிவிட்டு, அடுத்த அறிவிப்புக்காகச் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் அடுக்கி வைத்திருக்கிறான்.