பேத்தியின் மொழிக்கு ஒரு வினைச்சொல்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதித் தலைநகரான கார்டிஃபில், அந்தப் பகுதியின் மொழியான வெல்ஷ் வழியில் படிக்கும் பேத்தியோடு பேசுவதற்காக, கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெல்ஷ் கற்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் 'கைல்' என்ற வினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பெறு' என்று பொருள். இதன் நீண்ட வடிவமான 'கஃபைல்' இன்று அலுவலகங்களில் கொள்முதலைக் குறிக்கிறது.

'கா ஈ கோஃபி?' என்றால் 'எனக்குக் காபி கிடைக்குமா?' இங்கே ககரம் இரண்டையும் 'தங்கம்' என்பதில் வருவதுபோல் மெலிதாகச் சொல்லுங்கள். 'பக்கம்' என்பதில் வருவதுபோல் வல்லினமாக இருந்த ஒலிதான் இந்த இடத்தில் மெலிகிறது. நாம் இரண்டையும் 'க' என்றே எழுதுவதால் காதுதான் வழிகாட்டி. அனுமதி கேட்கவும் இதே வினைதான்: 'கா ஈ விண்ட்?', நான் போகலாமா? 'கேய்' என்று பதில் வந்தால் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது செயப்பாட்டு வினை. தமிழில் 'படு' செய்யும் வேலையை அங்கே 'கைல்' செய்கிறது. 'நான் பிறந்தேன்' என்பதற்கு 'கேஸ் ஈ வ ஙெனி'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என் பிறத்தலைப் பெற்றேன்'. தமிழில் சொல்லின் முதலில் அரிதாகவே வரும் 'ங' அங்கே தாராளமாக வருகிறது! 'சங்கு' என்று சொல்லி, 'ச'வை விட்டுவிட்டுப் பழகுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

'கைல் ஹுயில்' என்றால் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிப்பது. 'ஹுயில்' கப்பலின் பாயையும் குறிக்கும். துறைமுகத்து ஊர்க்காரியான எனக்கு அது ஒரே நாளில் மனப்பாடமாகிவிட்டது.