அரங்கேற்றத்துக்கு முன் ஒரு முன்காட்சி: பாதி நாடகத்தை ஊருக்குக் காட்டுவது எப்படி

முன்காட்சியைச் சின்ன அரங்கேற்றம் என்று நினைத்துச் செய்தால் அந்த உழைப்பு வீண். அரங்கேற்றத்தில் நாடகத்தைக் கொடுக்கிறோம். முன்காட்சியில் நமக்கு விடை தெரியாத இரண்டு மூன்று கேள்விகளைக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். அதனால் மண்டபம் பிடிப்பதற்கு முன்பே கேள்விகளை எழுதிவிடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

“நாடகம் பிடித்ததா?” என்பது கேள்வியே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆயாக்களும் ஆன்ட்டிகளும் “ரொம்ப நல்லா இருந்திச்சு கண்ணு” என்பார்கள். பிள்ளைகள் மேடை ஏறியதே அவர்களுக்குப் போதும். நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், அதாவது பாரக்ஸில், நடக்கும் கதை என்றால் இப்படிக் கேளுங்கள்: “இரண்டாம் காட்சியில் ஆயா எதை வேண்டாம் என்று சொன்னாள்?” தமிழ் தெரியாத பேரனுக்கும் அது புரிந்ததா என்பது ஒரே பதிலில் தெரிந்துவிடும்.

காட்டும் பகுதி 20 முதல் 25 நிமிடம். உறுதியாக நிற்கும் காட்சி ஒன்று, சந்தேகமுள்ளவை இரண்டு. நன்றாக வந்ததை மட்டும் காட்டிக் கைதட்டு வாங்கினால் ஒன்றும் தெரியவராது. இடையில் எழுதாத காட்சிகளை இட்டு நிரப்ப நம்மிடமே வழி இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் நிற்பான், கூட்டத்தோடும் பேசுவான். இந்த நாட்டில் ஆறடிக் கூத்து என்ற பெயரில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. “இங்கே ஒரு கல்யாணம் நடக்கும், இன்னும் எழுதவில்லை, பெண் மட்டும் அழுதுகொண்டிருக்கிறாள்” என்று அவன் இரண்டு வரியில் சொல்லிவிட்டால் கூட்டம் அடுத்த காட்சிக்கு வந்துவிடும். தொடக்கத்திலும் ஒரு நிமிடம் அவனே பேசட்டும். கதைச் சுருக்கம் மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் நாடகம் தானாகப் புரிந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

பிரதியைக் கையில் வைத்து நடிக்கலாம். வைத்தால் எல்லாரும் வைக்கவேண்டும். ஒருவர் பார்த்துப் படிக்க மற்றவர் மனப்பாடமாகப் பேசினால், கூட்டத்தின் கண் தாள் மேலேயே இருக்கும்.

இடத்துக்குப் பிளேஹவுஸ் போன்ற பெரிய அரங்கு தேவையில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கோயில் மண்டபமோ சமூகக்கூடமோ போதும். ஆனால் காலி மண்டபம் எதிரொலிக்கும். நடுவில் ஆடாமல் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, பின்னால் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு, நாற்காலிகளை மூன்று வரிசையாக நெருக்கிப் போடுங்கள். ஆடுகளம் 5 மீட்டருக்கு 4 மீட்டர் இருந்தால் தாராளம். தகரக் கூரை என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை மழைச் சத்தத்தில் வசனம் கேட்காது. அந்த மாதங்களில் கான்கிரீட் கூரை உள்ள இடம் பாருங்கள். கோயில் மண்டபமானால் குடிக்கிற காட்சி, இறைச்சி, செருப்பு எதுவாயிருந்தாலும் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். ஞாயிறு மதியம் 3 மணி நல்ல நேரம், இருட்டுமுன் எல்லாரும் வீடு போகலாம். காவடி, ஆடி மாதக் கூழ், புரட்டாசி விரதம் ஆகியவற்றைக் காலண்டரில் பார்த்துத் தேதி வையுங்கள். மின்வெட்டுக்கு சார்ஜ் செய்த விளக்கு இரண்டு இருக்கட்டும்.

முப்பது பேர் போதும், ஆனால் யார் என்பது முக்கியம். சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். தமிழ் அறவே தெரியாதவர்கள் பத்துப் பேர், அதில் சூலு பேசும் அண்டை வீட்டாரும் இருக்கவேண்டும். நாடகத்தில் சூலு வசனம் இருந்தால் அது எவ்வளவு பொய்யாக ஒலிக்கிறது என்று அவர்கள் முகமே சொல்லும். மீதிப் பேர் நாடகம் பழகியவர்கள். டிக்கெட் போடாதீர்கள், காசு கொடுத்தவர் முழு நாடகம் எதிர்பார்ப்பார். ஃபோனில் எடுக்கவேண்டாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரைகுறைக் காட்சி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றினால் திரும்பப் பிடிக்க முடியாது. இலவசக் காட்சி என்றாலும், சினிமாப் பாட்டுப் போடுவதாக இருந்தால் பொது இடத்துக்கான உரிமத்தை இசை உரிமை அமைப்பான சாம்ரோவிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

மண்டப விளக்குகளை அணைக்காதீர்கள். கூட்டத்தின் முகம் தெரியவேண்டும், இந்த வேலையின் உயிரே அதுதான். நடிக்காத இருவர் பிரதியோடு இடமும் வலமும் பக்கவாட்டில் உட்காரட்டும். ஒத்திகையிலேயே வசனம் பிறக்கும் நாடகமானால் பிரதிக்குப் பதில் காட்சிப் பட்டியல். இருமலுக்கு ஒரு குறி, ஃபோன் பார்ப்பதற்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று, முன்னால் சாய்ந்து கேட்பதற்கு ஒன்று. பிரதியின் ஒரே பக்கம் ஓடும்போது நாலைந்து பேர் நெளிந்தால் குற்றம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்காது. அரைப் பக்கமோ ஒரு பக்கமோ முன்னால் கதை நின்றுபோயிருக்கும்.

இருமொழி நாடகத்தில் கட்டாயம் கவனிக்கவேண்டியது இரட்டைச் சிரிப்பு. ஆயா தமிழில் ஒரு குத்தல் சொல்கிறாள். புரிந்தவர்கள் உடனே சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் “என்ன சொன்னாங்க?” என்று கேட்க, காதில் சொல்லப்பட்டு, இரண்டாவது சிரிப்பு எழுகிறது. அதற்குள் மேடையில் பேசப்பட்ட அடுத்த வரியை யாருமே கேட்கவில்லை. அந்த வரியில் கதைக்கு வேண்டிய செய்தி இருந்தால் நாடகம் அங்கேயே அறுந்துவிடும். உடனே இன்னொரு பாத்திரத்தை ஆங்கிலத்தில் அதையே திருப்பிச் சொல்லவைப்பது பலரும் செய்யும் தவறு. தமிழ் தெரிந்தவர்களுக்கு அலுத்துவிடும். குத்தலுக்குப் பின் மூன்று நான்கு வினாடிக்குப் பேச்சில்லாத செயல் ஒன்று வையுங்கள்: தேங்காய் உடைப்பது, புடவை மடிப்பது, எதுவானாலும்.

முடிந்ததும் தேநீருக்கு விடாதீர்கள், பாதிப் பேர் அப்படியே கிளம்பிவிடுவார்கள். உட்கார்ந்த இடத்திலேயே பென்சிலும் அரைத்தாளும் கொடுத்து, உங்கள் மூன்று கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம். பெரியவர்கள் வாய் திறந்தபின் சின்னவர்கள் மாற்றிப் பேசமாட்டார்கள், அதனால்தான் எழுத்து முதலில்.

பிறகு அரைமணி நேரப் பேச்சு. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த நான்கு படி முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். முதலில் எது மனதில் நின்றது என்று கூட்டம் சொல்கிறது. இரண்டாவது, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்கிறார். மூன்றாவது, கருத்து ஒளிந்திராத கேள்விகளைக் கூட்டம் கேட்கிறது. கடைசியில்தான் கருத்து, அதுவும் “இந்தச் சண்டைக் காட்சி பற்றி ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?” என்று கேட்டு, படைத்தவர் சரி என்ற பிறகே. நடத்துபவர் இயக்குநராக இருக்கக்கூடாது. கட்டியங்காரனாக நின்றவரே நடத்தட்டும். குறை சொல்லும்போது எழுதியவர் “அது ஏன்னா...” என்று விளக்க ஆரம்பித்தால், அதன்பின் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு தாத்தா எழுந்து பழைய பாரக்ஸ் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கலாம். அது பொன் போன்ற செய்தி, ஆனால் அரைமணியும் அதிலேயே போய்விடும். “தாத்தா, இதைக் கேட்க வீட்டுக்கே வருகிறோம்” என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள், சொன்னபடி போங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தாள்களையும் குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தனித்தனியே உட்கார்ந்திருந்த ஐந்து பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு உண்டு. அவர்கள் சொல்லும் மருந்தை எடுக்கவேண்டாம், வலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; “ஆயா சாகவேண்டும்” என்பவர் உண்மையில் சொல்வது முடிவு எடுபடவில்லை என்பதைத்தான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, மூன்று மாற்றம் போதும். நாலு முதல் ஆறு வாரத்தில் அடுத்த முன்காட்சி வைத்து, பழைய முகம் பாதி, புது முகம் பாதி அழையுங்கள். குறிக்க உட்கார்ந்த அதே இருவர் அதே இடத்தில் உட்காரட்டும்.