மாலை எழுத்து, நாடக வகுப்பு: எங்கெல்லாம் சறுக்குகிறது

ஊர் நூலகத்தின் மாடி, பள்ளிக்கூடத்து வகுப்பறை, சமுதாயக் கூடம் என எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே, வாரம் இரண்டு நாள், மாலை ஆறரை மணிக்கு. கதை எழுதவும் நடிக்கவும் கற்க வருகிறவர்களில் வங்கி ஊழியர் இருப்பார், தையல் கடைக்காரர் இருப்பார், கல்லூரி மாணவி இருப்பார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் இருப்பார். முதல் நாள் முப்பது பேர். ஐந்தாம் வாரம் ஒன்பது பேர். வராமல் நின்றவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நடத்துகிறவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் விஷயம் வேறு. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருகிறவர்களின் இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

முதல் நாள் விழா

வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை. அப்புறம் "எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்கங்க." முப்பது பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் ஒரு மணி நேரம் போயிற்று; யார் பெயரும் யார் மனதிலும் நிற்காது. எழுத வந்தவர் ஒரு வரிகூட எழுதாமல் வீடு திரும்புகிறார். அடுத்த வாரம் மழை தூறினால் போதும், வரமாட்டார்.

உள்ளே வந்ததும் ஆளுக்கொரு தாளைக் கொடுங்கள். "இன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடைசியாகக் கையில் எடுத்த பொருள்": அதைப் பற்றி ஐந்து வரி, ஏழு நிமிடம். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டவேண்டும். பிறகு ஒருவர் மற்றவரை, பெயரும் பொருளுமாக ஒரே வாக்கியத்தில் கூட்டத்துக்குச் சொல்லவேண்டும். ஆளுக்குப் பத்து விநாடி, மொத்தம் ஐந்து நிமிடம். "சாவிக்கொத்து செல்வி", "டிபன் கேரியர் ரவி" என்று பெயர்கள் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளும்.

நேரத்தில் இன்னும் இரண்டு இடத்தில் ஓட்டை விழுகிறது. ஒன்று, ஆறு மணி என்று நோட்டீசில் போட்டுவிட்டு ஆறே முக்கால் வரை "எல்லாரும் வரட்டும்" என்று காத்திருப்பது. நேரத்துக்கு வந்தவருக்கு அது தண்டனை. ஆறரை என்று போட்டு ஆறரைக்கே தொடங்குங்கள். முதல் பதினைந்து நிமிடம் உடல், குரல் பயிற்சி. தாமதமாக வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இன்னொன்று நடுவில் விடும் தேநீர் இடைவேளை. பத்து நிமிடம் என்று விட்டால் இருபத்தைந்து ஆகும். டீயும் சுண்டலும் ஆறேகாலுக்கே இருக்கட்டும். பசியோடு வருகிறவருக்கு அதுதான் முதல் உதவி. முடிக்கும் நேரத்தை உங்கள் ஊரின் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். "இன்னும் ஒரு பத்து நிமிஷம்" என்று நீட்டுகிற வகுப்பிலிருந்து முதலில் நிற்பவர்கள் பெண்கள்.

ஆள் எண்ணிக்கை: ஓர் ஆசிரியருக்குப் பதினாறுக்கு மேல் வேண்டாம். முழுக்க இலவசம் என்று அறிவித்தால் முப்பது பேர் பதிவார்கள், பாதிப்பேர் தலைகாட்ட மாட்டார்கள். சிறு கட்டணம் வாங்கி, எல்லா வகுப்புக்கும் வந்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது நல்ல வழி.

தலைப்பு கொடுப்பதில் தவறு

"மழை", "அம்மா", "நட்பு" என்று தலைப்புக் கொடுத்தால் பள்ளிக் கட்டுரையும் வாட்ஸாப் கவிதையும்தான் வரும். தலைப்பு அகலமாக இருக்கும்போது மனம் ஏற்கெனவே படித்ததை எடுத்து நீட்டுகிறது. குறுகலாகக் கொடுங்கள். "உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசல், அங்கே ஒருவர் வந்து நிற்கிறார், அவர் பூட்டைத் தொடக்கூடாது." கடைசி நிபந்தனைதான் கதையை நகர்த்தும். ஏன் தொடவில்லை என்று எழுதுகிறவரே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

எழுதும் நேரம் பன்னிரண்டு நிமிடம் போதும். அரை மணி கொடுத்தால் முதல் பத்தியைத் திரும்பத் திரும்ப அடித்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எழுத்தும் நாடகமும் தனித்தனி என்று நினைப்பது

இருக்கிற தவறுகளில் பெரியது இது. திங்கள் எழுத்து, வியாழன் நாடகம், இருவேறு ஆசிரியர்கள், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே வகுப்பில் வைப்பதன் லாபமே அதில் போய்விடுகிறது. எழுதிய வரி அன்றைக்கே இன்னொருவர் வாயில் ஏறவேண்டும். தமிழில் இது கூடுதல் அவசியம். நாம் எழுதும் மொழியும் பேசும் மொழியும் வேறு.

ஒரு காட்சி. மகன் வேலையை விட்டுவிட்டான், அப்பாவிடம் சொல்லவேண்டும். முதல் வரைவு ஏறக்குறைய எல்லாரிடமும் இப்படித்தான் வரும்:

"அப்பா, உங்களிடம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் என் வேலையை ராஜினாமா செய்துவிட்டேன்."
"என்ன சொல்கிறாய்? நம் குடும்பத்தின் நிலைமை உனக்குத் தெரியாதா?"

இதை அப்படியே பேச்சுத்தமிழுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. "சொல்ல வேண்டும்" என்பதைச் "சொல்லணும்" ஆக்கினாலும், இருவரும் செய்தி வாசிப்பதுபோல் நினைத்ததையெல்லாம் கொட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். எழுதியவரை உட்காரவைத்து, இரண்டு பேரை எழுப்பி, ஒருவர் கையில் ஒரு தட்டைக் கொடுங்கள். "வேலை", "ராஜினாமா" என்ற சொற்கள் வரக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள்.

"சாப்ட்டியா?"
"ம்."
"நாளைக்கு எத்தனை மணிக்கு ஷிஃப்ட்டு?"
"நாளைக்கு இல்ல."
"நாளன்னைக்கு?"
"இல்லப்பா."
"...தட்டைக் கழுவி வச்சிட்டுப் படு."

இரண்டாவது "இல்ல"வில் பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அப்பா நடிகருக்குக் கடைசி வரிக்கு முன்னால் ஒரு மௌனம் கிடைக்கிறது. மகனுக்குக் கையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இது தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வராது.

வட்டார வழக்கில் நடப்பது தனிக் கூத்து. நெல்லை என்றால் வரிக்கு வரி "ஏலே", கொங்கு என்றால் எல்லாவற்றிலும் "ங்க", மதுரை என்றால் அருவா. இதெல்லாம் சினிமாவிலிருந்து வருகிறது. கேட்டுப் பழகாத வழக்கை எழுதவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. பொதுவான பேச்சுத்தமிழில் எழுதிவிட்டு, அந்த ஊர்க்காரர் வகுப்பில் இருந்தால் அவரிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேச்சுச் சொல்லை எழுதும் முறையிலும் ஒரு பிடி வேண்டும்: ஒரே பாத்திரம் ஒரு வரியில் "வந்துட்டிருக்கேன்", அடுத்த வரியில் "வந்துக்கிட்டு இருக்கேன்" என்றால் நடிகர் தடுமாறுவார்.

"நல்லா இருக்கு"

படித்து முடித்ததும் கைதட்டல், "மனசைத் தொட்டுட்டீங்க", அடுத்தவர். இல்லையென்றால் இதற்கு நேர் எதிராக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வல்லினம் மிகும் இடங்களைப் பதினைந்து நிமிடம் விளக்குவார். இரண்டாலும் எழுதியவருக்குப் பயனில்லை. சந்திப்பிழையைப் பென்சிலால் குறித்துத் தனியாகக் கொடுத்துவிடலாம்.

படிக்கும் முன் "இது வந்து, எங்க பாட்டியைப் பத்தி யோசிச்சப்ப..." என்று எழுதியவர் முன்னுரை சொல்வதைத் தடுத்துவிடுங்கள். முன்னுரை கேட்ட பிறகு கதையில் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. கேட்க மூன்றே கேள்விகள்: எந்த வரி நினைவில் நிற்கிறது, எங்கே கவனம் விலகியது, எது புரியவில்லை. படிக்க ஐந்து நிமிடம், பேசப் பத்து நிமிடம். அப்படியென்றால் ஒரு மாலையில் நான்கு பேருக்குத்தான் முறை வரும். பதினாறு பேருக்கு நான்கு வகுப்பு. ஒரே நாளில் எல்லாரையும் படிக்கவைக்க முயலும்போதுதான் "நல்லா இருக்கு"வில் வந்து நிற்கிறோம்.

சொந்த வாழ்க்கைத் துயரத்தைச் சொல்லவைத்து அழவைப்பதைச் சிலர் சாதனையாக நினைக்கிறார்கள். அதற்கெல்லாம் மாலை வகுப்பில் ஆள் இல்லை, நேரமும் இல்லை. முதல் வாரமே கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்து விழச்சொல்லும் "நம்பிக்கை" பயிற்சியும் வேண்டாம். யார் யாரைத் தொடலாம் என்பதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குரல்

சத்தமாகப் பேசு என்றால் புதியவர் தொண்டையை இறுக்கிக் கத்துவார். இருபது நிமிடத்தில் குரல் கரகரக்கும். மறுநாள் பனங்கற்கண்டு, மிளகு, வெந்நீர். கத்தும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று அறைந்து வீங்குகின்றன, அவ்வளவுதான். ஒலியைத் தள்ளவேண்டியது வயிற்றிலிருந்து வரும் மூச்சு. தரையில் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து, நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை "ஸ்ஸ்" என்று விடுவது, ஆறு முறை. பிறகு வாய் மூடி "ம்ம்" என்று முனகி, உதடு அதிர்வதை உணர்வது, இரண்டு நிமிடம். அதன் பிறகுதான் வசனம். அடிக்கடி தொண்டையைச் செருமுகிறவரிடம் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமாகத் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. செய்தாரா இல்லையா, செய்தது யார், எப்போது என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் விகுதியில் இருக்கிறது. புதிய நடிகர்களுக்கோ வாக்கியம் முடிய முடிய மூச்சும் தீர்ந்து குரலும் இறங்கும். "நான் அந்தப் பணத்தை அவன்கிட்ட கொடுக்கல" என்பதில் "கொடுக்" வரைதான் பின்வரிசைக்குக் கேட்கும்; கொடுத்தாரா, இல்லையா என்பது போய்விடும். ழகரத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம். ஒருவர் பேச, பத்து மீட்டர் தள்ளி இன்னொருவர் முதுகு காட்டி நிற்கட்டும். கடைசிச் சொல் கேட்காதபோதெல்லாம் அவர் கையைத் தூக்குவார். கத்தக்கூடாது, மூச்சை மிச்சம் வைத்துப் பேசவேண்டும். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அறையையும் பாருங்கள். சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினால் மெய்யெழுத்துகள் காணாமல் போகும், படிக்கும்போதாவது குறையுங்கள். டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் விரித்து உடற்பயிற்சி செய்தால் வழுக்கும், முட்டி போகும். வெறுங்கால், வெறுந்தரை.

கூத்தை "ஐட்டம்" ஆக்குவது

யூடியூபில் பார்த்து இரண்டு வகுப்பில் தெருக்கூத்து அடவு கற்றுத் தருவது, நிறைவு விழாவில் கிரீடம் கட்டி ஆடுவது. ஆண்டுக்கணக்கில் ஆடி, இரவெல்லாம் கண்விழித்து வரும் கலை அது. இரண்டு வகுப்பில் கேலிச்சித்திரம்தான் மிஞ்சும். கூத்திலிருந்து எழுத்து வகுப்புக்கு எடுக்கத்தக்க ஒன்று உண்டு: கட்டியங்காரன். அவன் பாத்திரங்களை அழைக்கிறான், கேள்வி கேட்கிறான், பார்வையாளரிடம் திரும்பி இன்றைய விலைவாசியையும் பேசுகிறான். எழுதிய சிறுகதையில் ஒரு கட்டியங்காரனை நுழைத்துப் பாருங்கள். கதைசொல்லி என்பவர் யார், எங்கே நிற்கிறார் என்று பக்கம் பக்கமாக விளக்கவேண்டியது அங்கேயே புரிந்துவிடும். கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்தால் சம்பளம், போக்குவரத்து, சாப்பாடு மூன்றையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்புவது சம்பளம் ஆகாது.

நிறைவு நாடகம்

இரண்டு மணி நேர நாடகத்தை எடுத்துக்கொண்டு, கடைசி மூன்று வாரம் வகுப்பே இல்லாமல் ஒத்திகையில் அடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரத்தில், வாரம் இரண்டு வகுப்பு வீதம், மொத்தம் நாற்பத்தெட்டு மணி. அதில் இருபது மணி ஒத்திகைக்கு ஒதுக்கினால் இருபது நிமிட நாடகம். ஐந்து நிமிடக் காட்சிகள் நான்கு, எல்லாம் வகுப்பில் எழுதியவை. அது போதும்.

இன்னொருவர் சிறுகதையை நாடகமாக்குவதென்றால் உரிமையைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அமெச்சூர் குழு ஒன்று கட்டணம் வாங்காமல் ஒரு நாடகத்தை நிகழ்த்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் சிறுகதையை நாடகமாக மாற்றி எழுதுவது தனி உரிமை. அதற்கு அனுமதி கேட்பதுதான் சரி. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் கதைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலேயே எடுக்கலாம். பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து முன்அனுமதி வாங்கவேண்டும் என்று இன்றும் சிலர் பயமுறுத்துவார்கள். 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் கூடாது.

நூறு பேர் உட்காரும் கூடத்துக்கு மைக் வேண்டாம். மைக் வைத்தால் எல்லாரும் அதைச் சுற்றிக் குவிந்துகொள்வார்கள், காட்சி போச்சு. விளக்கை முகத்துக்கு நேரே கீழிருந்து அடித்தால் பேய்ப்படம். இரு பக்கமும் உயரத்திலிருந்து சாய்வாக அடியுங்கள். 500 வாட் ஹாலஜன் ஒன்று சுமார் 2.2 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்கில் இரண்டுக்கு மேல் மாட்டினால் உச்சக் காட்சியில் ஃபியூஸ் போகும். திரைச்சீலைக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது, துணி பொசுங்கும். எல்இடி கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

கடைசியாக ஒன்று. நாடக நாளோடு வகுப்பை முடித்துவிடாதீர்கள். மேடைக்கு மறுவாரம் ஒரு வகுப்பை முதலிலேயே அட்டவணையில் போட்டு, கூடத்துச் சாவிக்கும் சொல்லிவையுங்கள். எந்த வரியில் சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே செல்போனை எடுத்தார்கள் என்று ஒவ்வொருவரும் தம் பிரதியில் குறித்து வரட்டும். இருமல் விழுந்த வரியை அன்றைக்கே திருத்தி எழுதலாம்.