புயலில் நனைந்த பெட்டியும் வீட்டு ஸ்கேனிங்கும்

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, பீரோ மேல் இருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பத்திரங்கள் பிளாஸ்டிக் பைக்குள் இருந்ததால் தப்பின. போட்டோக்கள் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டன. நான் அவசரப்பட்டுப் பிரித்ததில், அம்மாவின் கல்யாணப் படத்தில் தாலி கட்டும் கை மட்டும் உரிந்து அடுத்த படத்தின் முதுகோடு போய்விட்டது. ஸ்டூடியோவில் கழுவிய படங்கள் என்றால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் தானாக நழுவி வரும், அது அப்போது எனக்குத் தெரியாது. (வீட்டு பிரிண்டரில் எடுத்த படத்தை மட்டும் நனைத்துவிடாதீர்கள், மை கரைந்துவிடும்.)

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்று: பத்திரத்துக்கு போன் போதும், போட்டோவுக்கு போன் போதாது. இதைக் கலந்தடித்து நான் ஒரு மாதம் வீணாக்கினேன்.

பத்திரம், பட்டா, மார்க்‌ஷீட் எல்லாவற்றுக்கும் கூகுள் டிரைவ் ஆப்பில் இருக்கும் ஸ்கேன் பட்டனே போதுமானது, ஐபோன் என்றால் நோட்ஸில் இருக்கிறது. டியூப்லைட்டுக்குக் கீழே வைக்காதீர்கள், உங்கள் தலை நிழலே விழும். பகலில் ஜன்னல் ஓரமாக, தாளுக்குக் கீழே ஒரு கறுப்புத் துணியோ அடர்நிறப் போர்வையோ விரித்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள், ஓரங்களை ஆப் தானாகவே கண்டுபிடிக்கும். எழுத்து பளிச்சென்று தெரிகிறதே என்று கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டால் மங்கலான முத்திரையும் நீல மையில் போட்ட கையெழுத்தும் காணாமல் போகும், அதனால் எல்லாமே கலரில்தான். புதுச்சேரியில் உறவினர் வீட்டில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது, கையால் எழுதியது, மை பழுப்பாகி, தாளும் பழுப்பாகி; கறுப்பு வெள்ளையில் வெறும் கறை, கலரில் எடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது.

பத்திரத்தின் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பதிவு அலுவலக முத்திரை, கைரேகை எல்லாம் அங்கேதான் இருக்கும். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிடலாம், நூல் போட்டுத் தைத்ததைப் பிரிக்க வேண்டாம்.

போட்டோவுக்குக் கண்ணாடி வைத்த ஃப்ளாட்பெட் ஸ்கேனர் வேண்டும். வீட்டில் ஆல் இன் ஒன் பிரிண்டர் இருந்தால் அதன் மூடிக்குக் கீழே இருப்பது அதுதான். கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், அதன் மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். 4க்கு 6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு) எடுத்தால் 1200க்கு 1800 பிக்சல்தான் வரும், அதே அளவில் திரும்பப் பிரிண்ட் போட சரி. 600 வைத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், நான் எல்லாவற்றுக்கும் அதுதான் வைக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் என்றால் 1200. அழகுபடுத்தும் ஆட்டோ வசதிகளை அணைத்துவிட்டு தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) ஃபைலாக ஒரு மூலப்பிரதி எடுத்து அதைத் தொடாமல் வையுங்கள்; வழக்கமான ஜேபெக் (JPEG) ஃபைலைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுக்கவே இழுக்காதீர்கள், கடற்கரை ஊரில் அந்தச் சிக்கல் நிறைய. கண்ணாடியோடு சேர்த்தே ஃபோட்டோ எடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் உங்கள் உருவம் அதில் தெரியாது. பசை ஒட்டிய ஆல்பத்தில் இருந்து வராத படத்துக்கு அடியில் பல் இடுக்கில் போடும் நூலை விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம்.

பெயர் வைப்பதுதான் பாதி வேலை. ஐநூறு படத்துக்கு ஸ்கேன்001 என்று விட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். ஆண்டை முன்னால் போட்டு, '1974 திருப்பாதிரிப்புலியூர் பெரியத்தை கல்யாணம் 03' என்று வைத்தால் வரிசையும் தானாக வரும். பெரியத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அன்றன்றே எழுதினேன். ஆண்டு அவருக்கே நினைவில்லாத ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கினால் பின்சுவரில் தொங்கிய காலண்டர் படிக்கும்படி இருந்தது, 600 வைத்ததன் பலன்.

வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப்போகும். ஒரு பிரதி கணினியில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் யார் வீட்டிலாவது. வெள்ளம் வந்தால் கணினியும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தேதான் நனையும்.

அந்தக் கல்யாணப் படத்தையும் கடைசியில் எடுத்தேன். அடுத்த படத்தின் முதுகில் ஒட்டியிருந்த கை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தது, அதைத் தனியாக ஸ்கேன் செய்து, கணினியில் திருப்பி, இருந்த இடத்தில் வைத்தேன். மணிக்கட்டில் ஒரு கோடு தெரிகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.