வெர்னியர் காலிபர்: அளவு எங்கே பிசகுகிறது?

பொருளைத் தாடைகளில் பிடித்து நீளம், விட்டம், ஆழம் அளக்கும் வெர்னியர் காலிபரில் 0.02 மி.மீ. பிசகினால் பல வேலைகளில் தப்பித்துவிடலாம். புதிதாகப் பழகுபவர்களிடம் நடப்பதோ முழு மில்லிமீட்டர் பிசகு. கருவி சரியாகத்தான் காட்டியிருக்கும். கண்தான் வேறு கோட்டில் நின்றிருக்கும்.

பட்டறைகளில் பரவலாக இருக்கும் 0.02 மி.மீ. மீச்சிற்றளவுக் (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) காலிபரை எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள நிலையான முதன்மைக் கோலின் 49 மி.மீ. நீளம், அதன்மேல் நகரும் வெர்னியர் கோலில் 50 பிரிவுகளாக இருக்கும். ஒரு பிரிவு 0.98 மி.மீ. 1 மி.மீ.-இலிருந்து குறைகிற அந்த 0.02-தான் மீச்சிற்றளவு. பிரெஞ்சுக்காரர் பியர் வெர்னியர் 1631-இல் வெளியிட்ட யுக்தி இதுதான்.

ஓர் உதாரணம்: வெர்னியரின் சுழிக்கோடு (0 கோடு) முதன்மைக் கோலில் 24-ஐத் தாண்டி 25-க்கு முன்னால் நிற்கிறது. வெர்னியரின் 18-வது கோடு முதன்மைக் கோலின் கோடு ஒன்றோடு பொருந்துகிறது. அளவு 24 + (18 × 0.02) = 24.36 மி.மீ. பொருந்திய இடத்தில் முதன்மைக் கோலில் இருப்பது 42. சிலர் அதை எழுதிவிடுகிறார்கள். அந்த 42-க்கு இங்கே வேலையே இல்லை. சுழிக்கோட்டை விட்டுவிட்டு வெர்னியர் தகட்டின் விளிம்பைப் பார்த்து வாசிப்பதும் இதே ரகம். வெர்னியரில் அச்சிட்டிருக்கும் 1, 2, 3 எண்களும் ஏமாற்றும்: 3 என்பது மூன்றாவது கோடு அல்ல, பதினைந்தாவது. அதன் மதிப்பு 0.30.

சுழிக்கோடு 25-இன் மேலேயே நிற்பதுபோலத் தெரிந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பொருந்துவது 49-வது கோடு என்றால் அளவு 24.98, அவசரத்தில் 25.98 என்று எழுதிவிடுவார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் பொருந்தும் கோடு மாறித் தெரியும். கோட்டுக்கு நேர் எதிரே கண் இருக்க வேண்டும்.

அளக்கும் முன் தாடைகளைத் துடைத்து மூடிச் சுழியைப் பாருங்கள். வெர்னியர் சுழி வலப்பக்கம் தள்ளி, 3-வது கோடு பொருந்தினால் பிழை +0.06, அளவிலிருந்து கழிக்க வேண்டும். இடப்பக்கம் தள்ளி 47-வது கோடு பொருந்தினால் பிழை 0.94 அல்ல. 50-லிருந்து 47 போக மீதி 3, ஆக −0.06. இதை அளவோடு கூட்ட வேண்டும்.

மைக்ரோமீட்டரில் இருக்கும், அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ராட்செட் இதில் கிடையாது. எவ்வளவு அழுத்துவது என்பது கட்டைவிரலின் பொறுப்பு. கோல் ஓரிடத்தில், பொருள் சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில் என்பதால், அழுத்தினால் நகரும் தாடை லேசாகச் சாய்ந்து அளவு குறையும். நுனியில் பிடித்தால் இந்தப் பிழை பெருகும். பொருளைக் கோலுக்கு அருகில், தாடையின் அடிப்பகுதியில் பிடியுங்கள். பொருளின் விளிம்பில் இருக்கும் பிசிறை முதலில் அரத்தால் எடுத்துவிடுங்கள்.

தண்டின் விட்டத்துக்குக் காலிபரை லேசாக ஆட்டிப் பார்த்துக் கிடைக்கும் மிகக் குறைந்த அளவுதான் சரி. துளைக்கு நேர்மாறு: மிகப் பெரிய அளவை எடுக்க வேண்டும். உள்தாடைகளின் முனை தட்டையாக இருப்பதால் மிகச் சிறிய துளைகளில் அளவு குறைவாகவே வரும். அங்கே பின் கேஜ் (துளையில் நுழைத்துப் பார்க்கும், விட்டம் தெரிந்த உருளை) நல்லது. ஆழம் பார்க்கும்போது கோலின் அடிமுனை பரப்பில் முழுதாகப் படிய வேண்டும்.

லேத் ஓடும்போது அளக்கவே கூடாது. தாடை நுனியால் கோடு கீறுவதும், லாக் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுப் பொருளை உள்ளே திணிப்பதும் கருவியைக் கெடுக்கும்.

சுழி பொருந்துகிறது என்பதற்காகத் தாடை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் மட்டும் ஒளி கசிந்தால், தண்டுகளை ஒரே இடத்தில் வைத்து வைத்து அளந்ததில் அங்கே குழி விழுந்திருக்கிறது. அகலமான தகட்டுக்கு அந்தக் காலிபர் சரியாகக் காட்டும். குழியில் உட்காரும் தண்டுக்குக் குறைத்துக் காட்டும்.